கட்டிங் மெஷின் ஏன் திணறுது, ஏன் புகையுது? லோடுன்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கலாம்

எங்க பட்டறைக்கு புதுசா வேலைக்கு வர்ற பசங்களை முதல் நாளே கட்டிங் மெஷின்ல கை வைக்க விடமாட்டேன். பக்கத்துல நிக்க வச்சு, சத்தத்தை மட்டும் கவனிடான்னு சொல்லிட்டு நானே நாலு பைப் வெட்டுவேன். ரெண்டு பைப் ஒழுங்கா வெட்டுவேன், ரெண்டு பைப் வேணும்னே கொஞ்சம் அமுக்கி வெட்டுவேன், அப்புறம் என்ன வித்தியாசம்னு கேப்பேன். காது இருக்கற எவனும் சொல்லிருவான், "அண்ணே மூணாவது பைப்புக்கு மெஷின் அழுதுச்சு"ன்னு. அந்த அழுகைதான் இந்தக் கட்டுரை முழுக்க நான் பேசப்போற விஷயம், அதுக்குப் பேரு லோடு, அதாவது மோட்டார் மேல விழற சுமை.

நான் சொல்றது கிரில், கேட், ஷெட் வேலை பண்ற இடத்துல எல்லாம் தரையில உக்காந்திருக்குமே, அந்த 14 இன்ச் கட்டிங் மெஷின். சாப் சான்னும் சொல்லுவாங்க, கட் ஆஃப் மெஷின்னும் சொல்லுவாங்க. கீழ ஒரு பேஸ், பைப்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், மேல ஸ்பிரிங்ல தூக்கி நிக்கற மோட்டார், அதுல 355 மில்லி விட்டத்துக்கு ஒரு கட்டிங் வீல். மோட்டார் பெரும்பாலும் 2000 வாட்ஸ்ல இருந்து 2400 வாட்ஸ் வரைக்கும் இருக்கும், வீல் லோடு இல்லாம சுத்துறப்போ நிமிஷத்துக்கு 3800, 4000 சுத்து பக்கம் போகும். மெஷின் மேல ஒட்டியிருக்கற பிளேட்டுல உங்க மெஷினோட கணக்கு இருக்கும், அதை ஒரு தடவை துடைச்சுட்டு படிச்சுப் பாருங்க, நிறைய பேரு வாங்கி அஞ்சு வருஷம் ஆகியும் அதைப் படிச்சிருக்க மாட்டாங்க.

இப்ப லோடுக்கு வருவோம். உள்ள இருக்கறது யுனிவர்சல் மோட்டார், மிக்சில இருக்குற அதே வகைதான், அளவுதான் பெருசு. வெளிய அசையாம ஒரு ஃபீல்டு காயில், நடுவுல சுத்துற ஆர்மேச்சர், சுத்துற ஆர்மேச்சருக்கு கரண்டு கொடுக்க ரெண்டு பக்கமும் உரசிக்கிட்டே இருக்கற கார்பன் பிரஷ். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஆர்மேச்சர் வேகமா சுத்த ஆரம்பிச்சதும் அதுவே ஒரு சின்ன ஜெனரேட்டர் மாதிரி எதிர்ப்பக்கமா ஒரு வோல்டேஜை உண்டாக்கும், அந்த எதிர் வோல்டேஜ்தான் உள்ள வர்ற கரண்டுக்கு கடிவாளம். வேகம் இருக்கற வரைக்கும் கடிவாளம் இறுக்கமா இருக்கும், கரண்டு கம்மியா போகும். நீங்க கைப்பிடியை அமுக்க அமுக்க வீல் வேகம் குறையுது, வேகம் குறைஞ்சா எதிர் வோல்டேஜ் குறையுது, கடிவாளம் தளர்ந்து கரண்டு எகிறுது. வீல் பைப்புக்குள்ள மாட்டி நின்னே போச்சுன்னா கடிவாளமே கிடையாது, காயிலோட ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் தடுக்க இருக்கும், அப்ப போற கரண்டு சாதாரணமா போறதை விட பல மடங்கு.

கரண்டு கூடுனா சூடு அதே அளவுக்கு கூடும்னு நெனைக்காதீங்க. கரண்டு ரெண்டு மடங்கு ஆனா காயில்ல சூடு நாலு மடங்கு. 10 ஆம்பியர் போற இடத்துல 20 போனா நாலு மடங்கு சூடு, 30 போனா ஒம்பது மடங்கு. அதோட விடல, மோட்டாரை குளுமையா வச்சிருக்கற ஃபேனும் அதே ஆர்மேச்சர் ஷாஃப்ட்லதான் மாட்டியிருக்கு. அதனால எப்ப சூடு அதிகமா வருதோ சரியா அப்பதான் காத்தும் கம்மியா வருது. இந்த ஒரு விஷயம் மண்டையில ஏறிருச்சுன்னா மெஷின் ஏன் புகையுதுங்கற கேள்விக்கு பாதி பதில் கிடைச்ச மாதிரி.

எனக்கு இது புத்தகத்துல இருந்து ஏறல. தொழில் ஆரம்பிச்ச ரெண்டாவது வருஷம் ஒரு வீட்டு காம்பவுண்டு கேட் வேலை, சைட்டுலயே வெட்டிக்கலாம்னு மெஷினை ஆட்டோவுல ஏத்திட்டுப் போயிட்டோம், வீட்டுக்குள்ள இருந்து கேட் வரைக்கும் கரண்டு இழுக்கணும், கையில இருந்தது டியூப்லைட்டுக்கும் செல்போன் சார்ஜருக்கும் போடற மெல்லிசு வயர்ல செஞ்ச ஜங்ஷன் பாக்ஸ், அதுலயே சொருகிட்டோம். மெஷின் ஸ்டார்ட் ஆகறப்பவே சோம்பலா எந்திரிச்சுச்சு, நான் கண்டுக்கல. பொழுதுக்குள்ள முடிக்கணும்னு அவசரம், மெதுவா வெட்டுதேன்னு நான் அமுக்க, அமுக்குனதும் இன்னும் மெதுவாக, பத்துப் பதினஞ்சு பைப் போயிருக்கும், வெண்டிலேஷன் ஓட்டை வழியா வெள்ளையா புகை வந்துச்சு, காயில் மேல பூசியிருக்கற வார்னிஷ் தீயற வாடை. அந்த வாடையை ஒரு தடவை மூக்கு பிடிச்சிருச்சுன்னா ஆயுசுக்கும் மறக்காது. ஆர்மேச்சரைக் கழட்டிப் பாத்த ரீவைண்டிங் கடை (எரிஞ்ச காயிலை மறுபடி சுத்தித் தர்ற கடை) அண்ணன் என்னைத் திட்டல, ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, "தம்பி, வயரு தொட்டுப் பாத்தியா, சூடா இருந்துச்சா?"ன்னு. ஆமா, சூடாதான் இருந்துச்சு, நான்தான் தொட்டுப் பாக்கல, பசங்க தொட்டுட்டு சொன்னாங்க.

அந்த வயர் கணக்கை சொல்றேன், ஏன்னா நிறைய மெஷின் சாகறது இதனாலதான். 1 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் 30 மீட்டர் இழுத்தீங்கன்னா போக வர 60 மீட்டர், அதோட ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 1 ஓம். 10 ஆம்பியர் போனா வழியிலயே 10 வோல்ட் பக்கம் காணாம போயிரும், மெஷின் திணறி 20 ஆம்பியர் இழுத்தா 20 வோல்ட் போகும். அதே தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டா 10 ஆம்பியர்ல நாலு வோல்ட் சொச்சம்தான் போகும். ஏற்கனவே சாயங்காலம் லைன்ல 200 வோல்ட் கூட வராத ஊரா இருந்தா மிச்சம் என்ன இருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க. வோல்டேஜ் கம்மியானா மெஷினுக்கு பலம் கம்மி, பலம் கம்மியானா நாம அமுக்குவோம், அப்புறம் மேல சொன்ன அதே கதை. அதனால எக்ஸ்டென்ஷனுக்கு 2.5 போடுங்க, சுருட்டின ரோலை முழுசா விரிச்சுட்டு ஓட்டுங்க, சுருட்டுனபடியே இருந்தா சூடு வெளிய போக வழியில்லாம வயர் உள்ளயே உருகும். சின்ன 6 ஆம்பியர் பிளக்ல மாட்டவே மாட்டாதீங்க, 16 ஆம்பியர் பவர் பிளக்தான் இதுக்கு. வேலை முடிஞ்சதும் பிளக்கை புடுங்கி பின்னைத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாத அளவு சூடுன்னா சாக்கெட்டுக்குள்ள லூஸ் கான்டாக்ட் இருக்குன்னு அர்த்தம், சாக்கெட்டை மாத்திருங்க.

ஆன் பண்ணுனதும் எம்சிபி (கரண்டு அதிகமானா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்) விழுதுன்னு சில பேரு மெஷின் ஷார்ட்டுன்னு பயந்துருவாங்க. வீட்டு லைன்ல பி டைப் எம்சிபி போட்டிருந்தா அதோட அளவை விட 3 முதல் 5 மடங்கு கரண்டுக்கே உடனே விழும், சி டைப் 5 முதல் 10 மடங்கு வரைக்கும் தாங்கும். நின்னுக்கிட்டிருக்கற மோட்டார் எந்திரிக்கற அந்த ஒரு நொடி கரண்டு அதிகமாத்தான் இழுக்கும். அதனால எம்சிபி எந்த டைப்புன்னு முதல்ல பாருங்க, ஆனா அளவைக் கூட்டி பெரிய எம்சிபி போட்டுக்கலாம்னு மட்டும் போயிராதீங்க, அது சுவத்துக்குள்ள இருக்கற வயரைக் காப்பாத்தறதுக்கு இருக்கு. ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்) விழுதுன்னா கதை வேற, எங்கயோ கரண்டு கசியுது, அதை சரிபண்ணாம மெஷினைத் தொடக்கூடாது.

சரி, மெஷின் நல்லாருக்கு, கரண்டு நல்லாருக்கு, அப்பவும் வெட்டமாட்டேங்குதா? இனி வீலைப் பாக்கணும். கட்டிங் வீல் பிளேடு கிடையாது, அதுக்குப் பல்லும் கிடையாது. கடினமான அலுமினியம் ஆக்சைடு குருணையை ரெசின்ங்கற பசையில பிணைச்சு, நடுவுல ஃபைபர் வலை வச்சு அழுத்தி செஞ்ச வட்டு. ஒவ்வொரு குருணையும் இரும்புல துளித்துளியா சீவி எடுக்கும், மழுங்கின குருணை உதிர்ந்து விழும், கீழ இருந்து புதுக் கூர்மையான குருணை வெளிய வரும். வீல் தேயறது கோளாறு இல்ல, அதோட வேலையே அதான். உதிர வேண்டிய குருணை உதிராம அங்கயே மழுங்கி நின்னுச்சுன்னா வீலோட விளிம்பு கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிரும், அப்புறம் அது இரும்பை வெட்டாது, தேய்க்கும், தேய்க்க தேய்க்க சூடுதான் ஏறும். வெட்டுன இடம் நீலம் பாய்ஞ்சிருந்தா அந்த இடம் 300 டிகிரி பக்கம் சூடேறியிருக்குன்னு அர்த்தம்.

இதுல ஒரு வேடிக்கையான உண்மை, பளபளப்பு வர்றதுக்கு ரொம்ப மெதுவா தொட்டுக்கிட்டே வெட்டறதும் ஒரு காரணம். அமுக்கக் கூடாதுன்னு சொன்னேன், அதுக்காக தடவிக்கிட்டே இருக்கவும் கூடாது. அப்ப எவ்வளவுதான் அழுத்தணும்? அதுக்குத்தான் காது. வீல் இரும்பைத் தொட்டதும் சத்தம் ஒரு படி இறங்கும், இறங்குன அந்த இடத்துலயே சீரா நிக்கணும், மேல மேல இறங்கிக்கிட்டே போனா கையைத் தளத்துங்க. பொறியும் சொல்லும், ஒழுங்கா வெட்டறப்போ பொறி தண்ணி பீச்சற மாதிரி அடர்த்தியா ஒரே திசையில போகும், மழுங்கிட்டா பொறி குறைஞ்சு சத்தம் மட்டும் கூடும்.

பைப்பை எப்படி வைக்கறோம்கறதும் லோடுதான். எல் ஆங்கிளை வைஸ்ல படுக்க வச்சு வெட்டுனா ஒரு பக்கம் முழுக்க ஒரே நேரத்துல வீல்ல படும், அதையே கூரை மாதிரி கவுத்து வச்சீங்கன்னா மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு மெல்லிசு இடம்தான் வீலைத் தொடும், கத்தி வெண்ணெயில இறங்கற மாதிரி இறங்கும். இரும்புப் பட்டையை படுக்க வைக்காம நிக்க வச்சு வெட்டுங்க, அதே காரணம்தான். பழக்கமில்லாதவங்க ஒரு தடவை ரெண்டு மாதிரியும் வெட்டிப் பாருங்க, நான் சொல்றதை மெஷினே சொல்லும். நீளமான பைப்புக்கு வெளிய முட்டுக் கொடுக்கறப்போ பேஸ் மட்டத்துக்கு சரியா கொடுக்கணும், உசரமா கொடுத்துட்டா பாதி வெட்டுல வெட்டுவாய் மூடி வீலைக் கவ்விக்கும். ஓடற வீலைக் கவ்வுனா வீல் தெறிக்கும், அதுல விளையாடாதீங்க.

வீல் விஷயத்துல சில சங்கதி கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். வீல் மேல அதிகபட்ச ஆர்.பி.எம் போட்டிருக்கும், அது உங்க மெஷின் வேகத்தை விட அதிகமா இருக்கணும். 355 மில்லி வீலுக்கு பெரும்பாலும் 4300 பக்கம் போட்டிருப்பாங்க, அந்த வேகத்துல விளிம்பு ஒரு நொடிக்கு 80 மீட்டர் ஓடும், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். அந்த வேகத்துல ஒரு துண்டு உடைஞ்சு வந்தா என்னாகும்னு விளக்க வேண்டியதில்ல. அதனால வீலை மூடியிருக்கற கார்டை கழட்டிட்டு ஓட்டறதை நான் எங்க பட்டறையில எந்த அவசரத்துக்கும் விடறதில்ல, கண்ணாடி போடாம யாரும் பக்கத்துல வரவும் கூடாது. நடு ஓட்டையில இருக்கற உலோக வளையத்துல மாசமும் வருஷமும் அடிச்சிருந்தா அது எக்ஸ்பைரி, ரெசினுக்கும் ஆயுசு உண்டு, ஈரம் பட்டா இன்னும் சீக்கிரம் பலம் போகும். மழையில நனைஞ்ச வீலை வெயில்ல காயவச்சு போடலாம்னு நெனைக்காதீங்க, தூக்கிப் போட்டுருங்க. வீலைத் தட்டிப் பாத்து டிங்குன்னு மணி சத்தம் வருதான்னு பாக்கச் சொல்லுவாங்க, அந்தப் பரிசோதனை பெஞ்ச் கிரைண்டர் கல்லுக்குத்தான் சரியா வரும், ரெசின் வீல் நல்லதா இருந்தாலும் மொத்தையாத்தான் சத்தம் கொடுக்கும், இதுக்கு கண்ணால விரிசல், விளிம்பு உடைசல் பாக்கறதுதான் வழி. புது வீல் மாட்டுனதும் ஓரமா நின்னு ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்க.

வீல் தேஞ்சு 250 மில்லி ஆயிருச்சுன்னா அதே 3800 சுத்துல விளிம்பு வேகம் நொடிக்கு 70 மீட்டர்ல இருந்து 50 மீட்டருக்கு இறங்கிரும், அதான் சின்ன வீல் வெட்ட அவ்வளவு நேரம் எடுக்குது, மோட்டார் மேல பழி போடாதீங்க. அந்தத் தேஞ்ச வீலை கை கிரைண்டர்ல மாட்டறவங்களை நான் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வேண்டாம், 4 இன்ச் கை கிரைண்டர் 11000 சுத்து பக்கம் ஓடும், இந்த வீல் அதுக்கு செஞ்சதே இல்ல. அதே மாதிரி இந்த மெஷின்ல மரம் வெட்டற பல்லு பிளேடையோ, மெதுவா ஓடற மெஷினுக்கான மெட்டல் பல்லு பிளேடையோ மாட்டக்கூடாது, அந்த மெட்டல் பிளேடு எல்லாம் 1300, 1500 சுத்துக்கு செஞ்சது. அலுமினியமும் இதுல வெட்ட வேண்டாம், உருகி குருணைக்கு நடுவுல அப்பிக்கும்.

இனி மெஷினுக்குள்ள. கார்பன் பிரஷ் பாக்கறது யாரு வேணாலும் பழகிக்கலாம், பிளக்கைப் புடுங்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும். மோட்டார் பாடியில எதிரெதிரா ரெண்டு வட்டமான மூடி இருக்கும், அகல ஸ்க்ரூ டிரைவர் வச்சு திருகுனா ஸ்பிரிங்கோட பிரஷ் வெளிய வரும். எந்தப் பக்கம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க, ஏன்னா அதோட முகம் ஆர்மேச்சர்ல அது உரசற செம்பு உருளை, அதாவது கம்யூட்டேட்டர், அதோட வளைவுக்குத் தகுந்த மாதிரி தேஞ்சு உக்காந்திருக்கும், திருப்பிப் போட்டா முழுசா ஒட்டாது. பிரஷ்ல தேய்மான கோடு இருந்தா அதுவரைக்கும் பாருங்க, கோடு இல்லாட்டி 6 மில்லி ஆனதும் மாத்திருங்க, ஒண்ணுதான் தேஞ்சிருக்குன்னாலும் ரெண்டையும் மாத்துங்க. பிரஷ் நீளம் இருந்தும் கரண்டு சரியா போகலைன்னா பிரஷ் உக்கார்ற கூட்டுக்குள்ள கரித்தூள் அடைச்சு அது நகராம நின்னிருக்கும், இல்ல ஸ்பிரிங் சூட்டுல பலம் போயிருக்கும். புதுசு போட்டதும் லோடு இல்லாம அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க, முகம் உக்காரட்டும்.

பிரஷ் எடுத்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு, வீலைக் கையால மெதுவா சுத்திக்கிட்டே உள்ள பாருங்க. செம்புப் பட்டை பட்டையா ஒண்ணு சுத்தும், அதான் கம்யூட்டேட்டர். எல்லாப் பட்டையும் ஒரே மாதிரி லேசான சாக்லேட் கலர்ல இருந்தா மெஷின் ஆரோக்கியமா இருக்கு, அதைத் தேச்சு பளபளப்பாக்கணும்னு ஆசைப்படாதீங்க, அந்தப் படிமம் பிரஷுக்கு நல்லது. ஒண்ணு ரெண்டு பட்டை மட்டும் கருகி குழி விழுந்திருந்தா அதுக்குப் போற காயில் அறுந்திருக்கலாம். ஓடறப்போ பிரஷ் பக்கத்துல சின்னதா நீலப் பொறி தெரியறது சகஜம், பொறி கம்யூட்டேட்டரை சுத்தி மோதிரம் மாதிரி வட்டமா ஓடுனா உடனே நிறுத்துங்க, ஆர்மேச்சர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு நிறைய. கையில மல்டிமீட்டர் இருந்தா அடுத்தடுத்த பட்டைக்கு நடுவுல ரெசிஸ்டன்ஸ் பாருங்க, எல்லா ஜோடியும் ஒண்ணு போல காட்டணும், ஒரு ஜோடி மட்டும் மாறுனா அங்கதான் கோளாறு. உப்புத்தாள் போட்டு தேய்க்கறதா இருந்தா எமரி தாள் மட்டும் வேண்டாம், அதோட தூள் பட்டைக்கு நடுவுல மாட்டி புது வம்பை இழுத்துரும்.

சுவிட்ச் போட்டும் மெஷின் பேசலைன்னா அதே சாக்கெட்ல வேற ஏதாவது மாட்டிப் பாருங்க, அது ஓடுனா அடுத்தது வயரு. இந்த மெஷின்ல வயர் அறுந்துபோற இடம் அனேகமா ஒண்ணுதான், கைப்பிடிக்குள்ள நுழையற கழுத்து. ஏன்னா ஒவ்வொரு வெட்டுக்கும் தலை மேலயும் கீழயும் போகுது, நாளைக்கு நூறு தடவை அந்த இடம் மடங்கி நிமிருது, மேல ரப்பர் நல்லா இருக்கும், உள்ள செம்பு ஒவ்வொரு இழையா அறுந்துகிட்டே வரும். வயரை லேசா அசைச்சா ஓடுது விட்டா நிக்குதுன்னா அதேதான், நல்லா இருக்கற இடத்துல வெட்டி புதுசா கனெக்ஷன் கொடுத்தா சரியாயிரும். வயர் நல்லாருந்தா பிரஷ், அதுக்கப்புறம் சுவிட்ச், இரும்புத்தூள் சுவிட்சுக்குள்ள போயி கெடறது ரொம்ப சகஜம். உம்முன்னு சத்தம் மட்டும் வந்து சுத்தலைன்னா ஒரு நொடி கூட வச்சிருக்காதீங்க, மேல சொன்ன கடிவாளம் இல்லாத நிலைமை அது, பிளக்கைப் புடுங்கிட்டு வீல் கையால சுத்துதான்னு பாருங்க.

கையால சுத்தறப்போ கொரகொரன்னு மணல் அரைக்கற மாதிரி இருந்தா பேரிங். ஷாஃப்டைப் பிடிச்சு ஆட்டுனா ஆடுதுன்னாலும் பேரிங்தான், தள்ளிப்போட்டீங்கன்னா ஆர்மேச்சர் போயி ஃபீல்டு காயில்ல உரசும், நூறு ரெண்டு நூறுல முடிய வேண்டியது ஆயிரத்துல நிக்கும். பழைய பேரிங் ஓரத்துல நம்பர் இருக்கும், அதே நம்பர் வாங்குங்க. ஓடறப்போ மட்டும் கீச்சுன்னு ஊளையிட்டா கியர் பாக்ஸ்ல கிரீஸ் காஞ்சிருக்கும், பழசை முழுசா வழிச்சு துடைச்சுட்டு கியருக்கான கிரீஸ் அளவா வைக்கணும், ரொம்ப அடைச்சா சூடாகி ஆர்மேச்சர் பக்கம் கசியும்.

வெட்டு கோணலா வருதுன்னு சொல்றவங்க மூலைமட்டம் தேட வேண்டியதில்ல. ஒரு ஸ்கொயர் டியூபை வெட்டுங்க, வெட்டுன ரெண்டு துண்டுல ஒண்ணை மட்டும் தலைகீழா திருப்பி வெட்டு முகத்தோட முகம் ஒட்ட வைங்க. இடைவெளி இல்லாம ஒட்டுனா வெட்டு நேர், ஒரு ஓரத்துல 2 மில்லி சந்து தெரிஞ்சா உங்க கோணல் 1 மில்லி, திருப்புனதால ரெட்டிப்பாத் தெரியுது. வைஸோட பின்பக்க தகட்டு போல்ட் லூஸா இருக்கும், இல்ல தலையைப் பிடிக்கற கீல் பின் தேஞ்சிருக்கும், அது ரெண்டும் இல்லைன்னா நீங்க அமுக்குனதுல வீல் ஒரு பக்கமா வளைஞ்சிருக்கு, மறுபடியும் லோடுதான்.

தினமும் வேலை முடிஞ்சதும் செய்யறது ரொம்ப சின்ன விஷயம். கடைசி வெட்டுக்கப்புறம் உடனே ஆஃப் பண்ணாம அரை நிமிஷம் சும்மா ஓட விடுங்க, உள்ள இருக்கற சூட்டை ஃபேன் வெளிய தள்ளிரும். அப்புறம் பிளக்கைப் புடுங்கிட்டு வெண்டிலேஷன் ஓட்டைகள்ல காத்து அடிங்க, ஏன்னா அது வெறும் தூசி இல்ல, இரும்புத்தூள், கரண்டைக் கடத்தும், காயில் மேல படிஞ்சு நாளாவட்டத்துல ஷார்ட் பண்ணும். மோட்டாருக்குப் பக்கத்துல கை கிரைண்டர் வச்சு தேய்க்கற பழக்கம் இருந்தா அந்தப் பொறியும் ஃபேன் இழுத்து உள்ளதான் போகும், மெஷினைத் திருப்பி வைங்க.

ஆர்மேச்சர் போயிருச்சுன்னு தெரிஞ்சு ரீவைண்டிங்குக்கு கொண்டு போறவங்க, பிரஷையும் ஃபீல்டு காயிலையும் பாடியோட முழு மெஷினா கொண்டு போங்க, ஆர்மேச்சரை மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போகாதீங்க. ஆர்மேச்சர் எரிஞ்ச சூட்டுல ஃபீல்டு காயிலும் பாதி வெந்திருக்கும், அதை சோதிக்காம புது ஆர்மேச்சர் மாட்டுனா ஒரு மாசத்துல திரும்பி அதே கடைக்குத்தான் வரணும்னு அந்த அண்ணன் சொன்னாரு. என் மெஷின்ல அன்னைக்கு ரெண்டையும் மாத்த வேண்டியிருந்துச்சு, வரும்போது அப்படியே 2.5 ஸ்கொயர் வயர் 30 மீட்டரும் வாங்கிட்டு வந்தேன், அது இன்னைக்கும் ஓடுது.